பெயர் வெளியிட விரும்பாத ஒரு சகோதரி

உலகத்து நாடுகளை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். இணையத்துக்குத் தடை போடும் நாடுகள் ஒரு வகை. தடை என்றால் என்னவென்றே அறியாத நாடு இன்னொரு வகை. அந்த இரண்டாம் வகையில் இருப்பது ஒரே நாடு. அது நம் நாடு.

இந்தப் பேருண்மை 2006 ஆகஸ்டு மாதம், மரக்காணம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் உலகுக்கு வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் 'திரௌபதி அம்மன் பிரவுசிங் சென்டர்' உரிமையாளர் கலியமூர்த்தி. பெற்றுக்கொண்டவர் பவுல்ராஜ். வேறு யாரும் விழாவுக்கு வரவில்லை.

"அப்ப போன மாசம் நாலஞ்சு நாளு சில பக்கம்லாம் தொறக்கலன்னு சொன்னியேப்பா?" என்றார் பவுல்ராஜ்.

"அது தடை இல்லண்ணா. ஒயர்ல உப்புக் காத்து பட்டிருக்கும்."

பவுல்ராஜ் தலையாட்டினார். உப்புக் காற்றைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. முருகையனின் உப்பளத்தில் பத்தொன்பது வருஷமாக மேஸ்திரி. பாத்தி மிதித்து மிதித்து அவர் பாதம் செருப்புக் கம்பெனிகள் பொறாமைப்படும் பதத்துக்கு வந்திருந்தது. அப்படிப்பட்டவர் வெளிநாடு போகிறார். மாட்டு வண்டியிலோ மீன் லாரியிலோ அல்ல, விமானத்தில்.

'உலக உப்பு மாநாடு.' பதினோரு நாள். உப்பளச் சொந்தக்காரர்கள் சார்பில் முருகையன் பேசுவார். அவர் பேசும்போது மேடையின் ஓரத்தில் பவுல்ராஜ், நீளக் கம்பு போட்ட பலகையால் உப்பு வாரிக் காட்டுவார். போகிற நாட்டின் பெயர் வேண்டாம். சொன்னால் இந்தப் பக்கமும் அங்கே திறக்காது.

ஒரு முதலாளி தன் மேஸ்திரியை விமானத்தில் ஏற்றுவது வரலாற்றில் அதுவரை நடந்ததில்லை. அதிலும் வெயில் பிளக்கிற ஆகஸ்டில், உப்பு மலையாகக் குவிகிற சீசனில், மேஸ்திரியை அளத்திலிருந்து பிரித்து அழைத்துப் போகும் பெருந்தன்மை முருகையனுக்கு மட்டுமே வரும். ஊரே மெச்சியது. பவுல்ராஜும் மெச்சினார். மெச்சிவிட்டு நேராகக் கலியமூர்த்தியிடம் வந்தார்.

காரணம், பன்னிரண்டு ஏக்கர்.

முருகையனின் அளத்தில் பன்னிரண்டு ஏக்கர் அரசு நிலம். அதன் குத்தகை அந்த மாதத்தோடு முடிகிறது. தொழிலாளர் குழுவும் குத்தகை கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தை நம்பி பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழுவைப் பதிவு செய்திருந்தார்கள். தலைவர் பவுல்ராஜ். குத்தகை அலுவலகத்திலிருந்து இன்னும் அறிவிப்பு வரவில்லை. வந்தால் ஏழு நாள் அவகாசம். விண்ணப்பப் படிவத்தை அறிவிப்போடுதான் கொடுப்பார்கள். தலைவரின் கையெழுத்து அந்தப் படிவத்தின் மேலேயே விழ வேண்டும். நகல் போதும், அசல் பிறகு.

"நான் போயிருக்கிற நேரத்துல அறிவிப்பு வந்துடுச்சின்னா?"

"மெயில்ல அனுப்பறேன். நீங்க பிரிண்ட் எடுத்து, கையெழுத்து போட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. மேட்டர் ஓவர்."

"மொதலாளிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்தக் காகிதம் ஆபீசு வாசல்கூட தாண்டாது."

கலியமூர்த்தி நாற்காலியை முன்னால் இழுத்தார். அவர் முகத்தில் ஒரு ராணுவக் களை வந்தது. "அண்ணா, நீங்க சரியான எடத்துக்கு வந்திருக்கீங்க. தகவல் பாதுகாப்புல திண்டிவனத்துக்கும் பாண்டிக்கும் நடுவுல நம்ம சென்டர்தான்."

சும்மா சொல்லவில்லை. சென்டரின் பாதுகாப்பு ஏற்பாடு அந்தச் சுவரிலேயே தொங்கியது. தேதி கிழிக்கும் காலண்டருக்குப் பக்கத்தில், சணல் கயிற்றில், பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு. அட்டையில் கொட்டை எழுத்தில் 'ரகசியம். பிறர் பார்க்கக் கூடாது.' உள்ளே கிளியனூர் வரைக்கும் உள்ள அத்தனை வாடிக்கையாளர்களின் கடவுச்சொல். மறந்துபோய் வருகிறவர்கள் அவரவர் வரியைப் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கும்போது மேல் வரியும் கீழ் வரியும் கண்ணில் படாமலிருக்க, நோட்டோடு ஓர் அடிஸ்கேலும் கட்டியிருந்தது.

"இந்த ஸ்கேலுக்குப் பேருதான் ஃபயர்வால்" என்றார் கலியமூர்த்தி.

பவுல்ராஜின் கடவுச்சொல் 'innasi1987'. கல்யாணம் ஆன வருஷம். கலியமூர்த்தி உதட்டைப் பிதுக்கினார்.

"பொண்டாட்டி பேர வக்கிறது டேஞ்சர்ணா. ஊர்ல எல்லாருக்கும் தெரியும்ல."

உடனே மாற்றினார்கள். கடைக்கோடிக் கணினியில் பவுல்ராஜ் உட்கார, கலியமூர்த்தி கல்லாவிலிருந்தே ஒவ்வோர் எழுத்தாகக் கத்திச் சொல்ல, நடுவில் ரிசல்ட் பார்க்க வந்திருந்த மூன்று பேர் 'கே அடிக்காதுங்க, ரெண்டு தபா அமுக்குங்க' என்று உதவ, ஐந்தே நிமிஷத்தில் பவுல்ராஜின் கணக்கு அசைக்க முடியாத கோட்டையானது.

அடுத்தது தடையைத் தாண்டும் வித்தை. நேர் வாசல் மூடியிருந்தால் பக்கத்து வீட்டுக்குள் புகுந்து அவர்கள் கொல்லை வழியாக உள்ளே போவது. பக்கத்து வீட்டுக்குப் பெயர் ப்ராக்ஸி. அப்படி மூன்று வீட்டு முகவரிகளை அரிசி எழுத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதினார் கலியமூர்த்தி. எங்கே ஒளிப்பது?

"சட்டப் பையில வச்சா மொதலாளி பாப்பாரு. செருப்புல வச்சா ஏர்போர்ட்ல கழட்டச் சொல்லுவான்."

பவுல்ராஜின் மனைவி இன்னாசியம்மாள் அதைத் தீர்த்துவைத்தாள். புருஷன் கழுத்துக் கயிற்றில் தொங்கிய, மாதா படம் தைத்த துணி வில்லையான உத்தரியத்தைப் பிரித்து, படத்துக்குப் பின்னால் தாளை வைத்து, நாலு மூலையும் தைத்தாள். தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்தபோது சொன்னாள்:

"நல்லபடியா அந்தக் கையெழுத்து வந்து சேந்துச்சின்னா, அன்னிக்கே அந்தோனியாருக்கு நன்றி சொல்றேன்னு நேந்துகிட்டிருக்கேன்."

பவுல்ராஜ் மனசுக்குள் ஆமென் சொன்னார். அந்த வேண்டுதல் எவ்வளவு பெரிய பாதுகாப்புப் பிழை என்று கலியமூர்த்திக்கே தெரியவில்லை.

விமானம் இறங்கியதும் முருகையன் பவுல்ராஜின் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஊரு தெரியாத ஊரு பவுலு. உன்னுது என்னுது ரெண்டும் ஒரு எடத்துல இருந்தா நல்லது."

அறையும் ஒரே அறை. சாப்பாட்டு மேஜையும் ஒரே மேஜை. குளியலறைக்குள் பவுல்ராஜ் கொஞ்ச நேரம் கூடுதலாக இருந்தால், வெளியிலிருந்து "ஏம்பா, உடம்புக்கு என்னா?" என்று குரல் வரும். தொழிலாளி நலனில் இவ்வளவு அக்கறை கொண்ட முதலாளியை அந்த நாட்டு அதிகாரிகளே வியந்து பார்த்தார்கள்.

வெளியே பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மாநாட்டு மண்டபத்திலேயே பிரதிநிதிகளுக்காக நாலு கணினியும் ஒரு பிரிண்டரும் ஒரு ஸ்கேனரும் போட்டிருந்தார்கள். ஆனால் அங்கே போகும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் முருகையன் நின்றார். அவருக்குக் கணினி தெரியாது. பவுல்ராஜைத் தெரியும்.

ஐந்தாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை. முருகையன் மேடையில். 'உப்பும் மனித நேயமும்' என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேசுவதாக ஏற்பாடு. முதல் ஐந்து நிமிஷம் பவுல்ராஜ் பலகையால் வாரிக் காட்டினார், மண்டபம் கைதட்டியது. பலகையைச் சாத்திவிட்டு, கழுத்தைத் துடைப்பதுபோலத் துண்டை எடுத்துக்கொண்டு, கணினிகள் இருந்த மூலைக்கு நடந்தார்.

மெயில் பக்கத்தைத் திறந்தார். திரை வெளுத்து, நடுவில் சிவப்பாக மூன்று வரி ஆங்கிலம் வந்தது. பிளஸ் டூ ஆங்கிலத்தை வைத்து எழுத்துக் கூட்டினார். 'இந்தப் பக்கம் அரசால் தடுக்கப்பட்டுள்ளது. இன்ன சட்டம், இன்ன பிரிவு. ஆட்சேபம் இருந்தால் கீழ்க்கண்ட முகவரிக்கு எழுதவும்.'

"அடப் படுபாவிங்களா" என்று முனகிக்கொண்டே உத்தரியத்தின் தையலைப் பல்லால் பிரித்தார்.

முதல் முகவரி. சிவப்பு மூன்று வரி. இரண்டாவது முகவரி. அதே மூன்று வரி. மேடையில் முருகையன், "எங்கள் தொழிலாளர்கள் எங்கள் குடும்பத்தினர்" என்ற இடத்துக்கு வந்துவிட்டார். பாதிப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மூன்றாவது முகவரி திறந்தது. இடுப்புச் சதை குறைக்கும் விளம்பரங்களுக்கு நடுவில் ஒரு சின்னப் பெட்டி. அதில் மெயில் முகவரியை அடித்தார். மூன்று தரம் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்கிற நேரம் சுற்றிச் சுற்றி, கடைசியில் உள்ளே விட்டது.

இனி கடவுச்சொல். இதற்கென்று கலியமூர்த்தி தனிப் பயிற்சி கொடுத்திருந்தார். துண்டை விரித்துத் தன் தலையையும் கணினியின் தலையையும் சேர்த்து மூடி, வேது பிடிக்கிறவர்போலக் குனிந்து பவுல்ராஜ் ஒவ்வொரு விரலாக அடித்தார். பக்கத்துக் கணினியில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் இரக்கப்பட்டு, துண்டுக்கு அடியில் ஒரு தைல டப்பாவை நீட்டினாள்.

கலியமூர்த்தியின் மெயில் நாலு நாளாகக் காத்துக்கொண்டிருந்தது. 'அண்ணா, அறிவிப்பு வந்துடுச்சி. ஆபீஸ் கூட்டுற மலர்கொடி அக்கா பாத்துட்டு வந்து சொல்லி, படிவமும் வாங்கியாச்சு. வியாழன் சாயங்காலம் கடைசி.'

பிரிண்ட் எடுத்தார். கையெழுத்துப் போட்டார். பத்தொன்பது வருஷத்தில் கூலிப் பட்டியல் தவிர வேறெதிலும் போடாத கையெழுத்து. ஸ்கேன் செய்தார். அனுப்பினார். 'அனுப்பப்பட்டது' என்று வந்ததும் வரலாற்றை அழித்தார். பிறகு, கைரேகை இருக்கக் கூடாது என்று விசைப்பலகையைத் துண்டால் துடைத்தார். எலியையும் துடைத்தார். துடைத்துக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது.

"என்னா பவுலு, ஜலதோஷமா?" முருகையன்.

"ஆமாங்க."

"தைலம் வாசன ஆள தூக்குது. உடம்பப் பாத்துக்கப்பா. உன்ன நம்பித்தான பன்னண்டு ஏக்கரும் கெடக்குது."

பத்தாயிரம் அதிகாரிகள் இரவு பகலாக இணையத்தைக் கண்காணிக்கும் நாட்டில், நாற்பது அடி தூரத்தில் முதலாளி நின்று பேசிக்கொண்டிருக்க, ஒரு மரக்காணத்து மேஸ்திரி ஒரு துண்டையும் ஓர் உத்தரியத்தையும் வைத்து எல்லாரையும் ஏய்த்துவிட்டார். அந்த நாட்டுக்கு அது தெரியாது. இன்றுவரை தெரியாது. தகவல் பாதுகாப்பு அந்தக் கணத்தில் தன் சிகரத்தைத் தொட்டது.

சிகரத்திலிருந்து இறங்க ஒரு நாள் ஆனது.

மறுநாள் புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு மேஜை. முருகையன் அன்றைக்கு என்னவோ வழக்கத்துக்கு மேல் அன்பாக இருந்தார். தன் தட்டிலிருந்த பழத்துண்டைப் பவுல்ராஜின் தட்டில் வைத்தார்.

"அந்தோனியாரு நல்ல சாமிப்பா" என்றார்.

பவுல்ராஜுக்கு வாயிலிருந்த சோறு அப்படியே நின்றது.

"எங்க வீட்ல ஜெயா இருக்குதே, செவ்வாக்கெழம தவறாம உங்க கோயிலுக்குப் போவும். நான் நல்லபடியா ஊர் திரும்பணும்னு நவநாள் ஒம்போது வாரம் வேண்டுதல். நேத்து மைக்கு ரொம்ப தெளிவா இருந்துதாம்." தன் கைபேசியை எடுத்து நீட்டினார். "இந்தா, வீட்டுக்குப் பேசு. என் போன்லயே பேசு. நமக்குள்ள என்னா ரகசியம்."

வீட்டில் போன் கிடையாது, கலியமூர்த்தியின் சென்டருக்குத்தான் அடிக்க முடியும். அடித்தார். இன்னாசியம்மாள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவள் விசும்பலும், பின்னால் யாரோ பிரிண்ட் எடுக்கிற சத்தமும் சேர்ந்து கேட்டன.

"ஆபீசு பூட்டிக் கெடக்குதுங்க. காலையில பத்து மணிக்கே பன்னண்டு வீட்டு ஆளும் போயி நிக்கிறோம். சாரு கேம்ப்பாம். எப்ப வருவாருன்னு கேட்டா, கேம்ப் முடிஞ்சதும்னு சொல்றாங்க."

"நீ நேத்து கோயில்ல என்னா பண்ண?"

"நன்றி சொன்னேன். நேந்துகிட்டேன் இல்ல? எழுதிக் குடுத்தேன். உபதேசியாரு மைக்ல படிச்சாரு."

"என்னா எழுதின?"

"எல்லாத்தையுந்தான். செஞ்ச உதவிய வெவரமா சொல்லலன்னா அது நன்றியா? ஆனா பேரு போடலிங்க. கலியமூர்த்தி தம்பிதான் சொல்லிச்சு, பேரு போடாதீங்க, அதான் பாதுகாப்புன்னு."

பின்னாலிருந்து கலியமூர்த்தியின் குரல்: "பேரு இல்லண்ணா. நான் செக் பண்ணிட்டுதான் குடுத்தேன்."

"படி" என்றார் பவுல்ராஜ்.

இன்னாசியம்மாளிடம் நகல் இருந்தது. நல்லெழுத்தில் எழுதியது. கோயிலில் படிக்கிற ராகத்திலேயே படித்தாள்.

"'கோடி அற்புதரான புனித அந்தோனியாரே. முருகையன் ஐயா அளத்தில் மேஸ்திரியாக இருந்து, தற்போது அவருடனேயே வெளிநாட்டு உப்பு மாநாட்டுக்குச் சென்றிருக்கும் என் கணவர், அந்த நாட்டு அரசாங்கமும் முதலாளியும் அறியாவண்ணம், வேறொரு வாசல் வழியாக அனுப்பிய கையெழுத்து, உமது மன்றாட்டினால் இன்று மதியம் பத்திரமாக வந்து சேர்ந்தது. நாளைக் காலை பத்து மணிக்குக் குத்தகை ஆபீசில் பன்னிரண்டு ஏக்கருக்கும் விண்ணப்பம் கொடுக்க இருக்கிறோம். அதுவரை இந்த விஷயம் முதலாளியின் காதுக்கு எட்டாமல் காத்தருளும். இப்படிக்கு, பெயர் வெளியிட விரும்பாத ஒரு சகோதரி.'"

கோபுரத்தில் இரண்டு ஒலிபெருக்கி. ஒன்று கடலைப் பார்த்து. மற்றது கடைத்தெருவைப் பார்த்து.

"எல்லாரும் சேந்து 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு பதில் சொன்னாங்க. மூணாவது வரிசையில உங்க மொதலாளி வூட்டம்மாவும் கைகூப்பி சொல்லிச்சு. சொல்லிட்டு எந்திரிச்சி வெளிய போச்சு. ஏதோ போன் வந்திருக்கும்னு நெனச்சேன்."

பவுல்ராஜ் கைபேசியைத் துடைத்து முருகையனிடம் கொடுத்தார். வீட்டில் எல்லாரும் சவுக்கியமா என்று முருகையன் கேட்டார். சவுக்கியம் என்றார் பவுல்ராஜ்.

வியாழனும் சார் கேம்ப். வெள்ளிக்கிழமை வந்தார். அவகாசம் முடிந்த நிலையில், 'ஒரே விண்ணப்பதாரர்' என்ற தகுதியின் அடிப்படையில் குத்தகை மேலும் ஐந்து வருஷத்துக்கு முருகையனுக்கே வழங்கப்பட்டது. அவர் சார்பில் ஜெயா கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் கேம்ப் நடந்த இடத்திலேயே பெறப்பட்டிருந்தது. கேம்ப் நடந்த இடம் முருகையன் வீட்டு மாடி என்று மலர்கொடி சொன்னாள். கூட்டுகிறவள் பேச்சை யார் பதிவு செய்கிறார்கள்.

முருகையன் பழிவாங்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். பவுல்ராஜை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. திரும்பிய மறுநாளே அளத்தின் முகப்பில் நட, 'குத்தகைதாரர்: முருகையன்' என்று புதுப் பலகை வந்து இறங்கியது. குழி தோண்டி நட்டது பவுல்ராஜ்தான். மேஸ்திரி வேலை அது.

நட்டுவிட்டு, கால் கழுவாமல், உப்பும் சேறும் அப்படியே இருக்கக் குத்தகை அலுவலகத்துக்குப் போனார். சன்னலுக்கு உள்ளே எழுத்தர் குப்புசாமி காது குடைந்துகொண்டிருந்தார்.

"சார், எங்க குழு விண்ணப்பம் என்னாச்சுங்க?"

"எந்தக் குழு? அப்படி எதுவும் வரலியே."

"குடுக்கத்தான் வந்தாங்க. பூட்டியிருந்துச்சி."

"பூட்டியிருந்தா திரும்ப வரணும்பா."

"அறிவிப்பு ஒட்டினீங்களா சார்?"

"ஒட்னோமே. போர்டுல."

"போர்டு எங்க இருக்குது?"

"ரெக்கார்டு ரூம்ல."

"அந்த ரூமு எப்பவும் பூட்டி இல்ல இருக்குது?"

"பின்ன? தொறந்து போட்டா கண்டவன் அறிவிப்பக் கிழிச்சிட மாட்டான்?"

பவுல்ராஜுக்கு அந்தத் திரை ஞாபகம் வந்தது. வெள்ளையில் சிவப்பாக மூன்று வரி. தடுத்தது யார், எந்தச் சட்டம், எந்த முகவரிக்கு ஆட்சேபம் எழுதுவது. அன்றைக்குப் படுபாவிகள் என்று வைதோமே என்று இப்போது மனசு உறுத்தியது.

"சார், ஒரே ஒரு ஒத்தாச பண்ணுங்க. நெலம் வேணாம். 'உங்க விண்ணப்பம் தடுக்கப்பட்டது'ன்னு ஒரு தாள்ல எழுதி, கீழ சீல் வச்சிக் குடுங்க. யாரு தடுத்தாங்கன்னு இருந்தா போதும். அந்த நாட்ல அத எழுதிக் காட்டறாங்க சார். செவப்பு மசில."

குப்புசாமி காது குடைவதை நிறுத்தினார். நாட்டுப்பற்று மிக்கவர். பாமர மனிதன் ஒருவன் பதினோரு நாள் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து தாய்நாட்டின் மேல் இப்படி ஒரு பழியைப் போடுவது அவரை உண்மையிலேயே வருத்தியது. குரல் தணிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"அதெப்படிப்பா எழுதித் தர முடியும்? நம்ம நாட்லதான் எதுக்கும் தடையே கெடையாதே."

சொல்லிவிட்டுச் சன்னலைச் சாத்தினார்.